ஆரம்பகாலக் கடற்படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: ஸ்டீபன் டிகேட்டரை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்கக் கடற்படையின் முதல் தலைமுறை அதிகாரிகளைப் பற்றி எழுத உட்காருகிறவருக்குத் தகவல் பஞ்சம் வராது. வேண்டிய அளவுக்கு மேல் வந்து குவியும், தொல்லையே அதுதான். ஸ்டீபன் டிகேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவின் திரிப்போலி துறைமுகத்தில் எரித்த கப்பல், பீரங்கிப் படகுச் சண்டை, பிரிட்டிஷ் ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் பாய்மரப் போர்க்கப்பல்) ஒன்றைப் பிடித்த வெற்றி, விருந்தில் சொன்ன வாசகம், 41 வயதில் டூயல் எனப்படும் ஒற்றைக்கு ஒற்றைத் துப்பாக்கிச் சண்டையில் சாவு. ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் எழுதிவிடலாம். அதில் சரிபாதி, அவர் இறந்த பிறகு அவரை நேரில் பாராதவர்கள் எழுதியதாக இருக்கும்.

எனவே தலைகீழாகப் போகாதீர்கள். முதலில் அவர் உயிரோடிருந்த காலத்தில் எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து தேதிவாரியாக ஒரு வரிசை. கதைகள் அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாக, அந்த வரிசையோடு உரசிப் பார்க்கப்பட்டு உள்ளே வரட்டும். கீழே சொல்வது டிகேட்டரை வைத்து. ஜான் பேரி, எட்வர்ட் பிரெபிள், தாமஸ் டிரக்ஸ்டன் யாருக்கும் இதே முறை பொருந்தும்.

வேலைத்தாளில் மேலிருந்து கீழாக ஆறு பத்திகள் போதும்: நாள், பதவி, கப்பல் அல்லது இடம், நடந்தது, எந்த ஆவணம், அதை எழுதியவர் அந்த இடத்தில் இருந்தாரா. கடைசிப் பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் இரண்டு செய்திகள் முட்டிக்கொள்ளும்போது தீர்ப்புச் சொல்வது அந்தப் பத்தி மட்டுமே.

பதவியில் தொடங்குங்கள்

அந்தக் காலக் கடற்படையில் ஏணிப்படிகள் குறைவு: மிட்ஷிப்மேன் (பயிற்சி நிலை அதிகாரி), லெப்டினன்ட், மாஸ்டர் கமாண்டன்ட், கேப்டன். மிட்ஷிப்மேனுக்குக் கிடைப்பது வாரண்ட் என்ற கீழ்நிலை நியமனச் சீட்டு. லெப்டினன்ட் முதல் மேலே உள்ளவர்களுக்கு ஜனாதிபதி தரும் கமிஷன் என்ற நியமனப் பத்திரம், அதற்கு செனட்டின் ஒப்புதலும் வேண்டும். கமடோர் என்பது 1862 வரை பதவியே கிடையாது. சில கப்பல்களைச் சேர்த்து நடத்துகிறவரை மரியாதைக்கு அப்படி அழைப்பார்கள். "1815-ல் கமடோராகப் பதவி உயர்வு பெற்றார்" என்று எங்காவது பார்த்தால் அந்தக் கட்டுரையின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடே படியுங்கள்.

டிகேட்டர் மிட்ஷிப்மேன் ஆனது 1798 ஏப்ரல் 30 (கடற்படைத் துறையை உருவாக்கிய சட்டமும் அதே தேதியிட்டது), லெப்டினன்ட் ஆனது 1799 மே 21, கேப்டன் ஆனது 1804 பிப்ரவரி 16. நடுவிலிருந்த மாஸ்டர் கமாண்டன்ட் படியை அவர் மிதிக்கவே இல்லை. இந்த அளவுக்கான சுருக்கம் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்-330 நுண்படச் சுருளில் கிடைக்கும். 1798 முதல் 1893 வரையிலான அதிகாரிகளின் பணிச்சுருக்கம் அது. அங்கே நின்றுவிட்டால் இடறுவீர்கள். ஏனென்றால் ஒரு பதவிக்கு ஒரு தேதி இல்லை, நான்கு: கமிஷனில் எழுதியிருக்கும் தேதி, செனட் ஒப்புக்கொண்ட தேதி, துறைச் செயலாளர் கடிதம் அனுப்பிய தேதி, அது கையில் கிடைத்த தேதி. பணிமூப்பைக் கணக்கிடுவது முதலாவதை வைத்து. அன்றாட நிகழ்ச்சிகளை எழுதும்போது உங்களுக்கு வேண்டியதோ நான்காவது.

இது எப்படிக் காலை வாரும் என்பதற்கு 1804-ஐப் பாருங்கள். திரிப்போலியோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, 1803 அக்டோபர் 31 அன்று, அமெரிக்காவின் பிலடெல்பியா ஃபிரிகேட் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே தரைதட்டியது. கேப்டன் வில்லியம் பெயின்பிரிட்ஜும் 300-க்கு மேற்பட்ட ஆட்களும் சிறைப்பட்டார்கள். கப்பல் எதிரி கையில் மிதக்கக் கூடாது என்று, 1804 பிப்ரவரி 16 இரவு, இன்ட்ரெபிட் என்ற கெட்ச்சில் (இரண்டு பாய்மரச் சிறு கப்பல்) துறைமுகத்துக்குள் நுழைந்து டிகேட்டர் அதை எரித்தார். கேப்டன் கமிஷனில் உள்ள தேதி அந்த நாள்தான். ஆனால் செய்தி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது மே மாதம். கமிஷன் ஜான் ஆடம்ஸ் கப்பலில் ஏறித் திரிப்போலிக் கடலுக்கு வந்தது ஆகஸ்ட் 7. இடையே, ஆகஸ்ட் 3 அன்று, பீரங்கிப் படகுச் சண்டை நடந்து முடிந்துவிட்டது. "கேப்டன் டிகேட்டர் எதிரிப் படகில் பாய்ந்தார்" என்று எழுதினால் பதிவேட்டின்படி தவறில்லை. அந்தப் படகில் இருந்த ஒருவருக்கும் அவர் கேப்டன் என்று தெரியாது, அவருக்கே தெரியாது. லெப்டினன்டாகச் சண்டைக்குப் போனார், நான்கு நாள் கழித்துத் தாம் பிப்ரவரியிலிருந்தே கேப்டன் என்று அறிந்தார் என்று எழுதிவிட்டால் வாசகருக்குக் குழப்பமில்லை.

இந்தத் தாவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 25 வயதுக்காரர் ஒரே எட்டில் மேலே போனபோது மூத்த லெப்டினன்டுகள் பின்தங்கிப் போனார்கள். ஆண்ட்ரூ ஸ்டெரெட் அதைப் பொறுக்காமல் பணியை விட்டே விலகினார். பாராட்டுக் கடிதங்களை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. பணிமூப்புப் பட்டியலில் அவருக்கு மேலே இருந்த பெயர்கள் அடுத்த ஆண்டு எங்கே போயின என்று தேடினால்தான் தெரியும்.

சிறு கப்பலை நடத்தும் லெப்டினன்டையும் கப்பலில் "கேப்டன்" என்றே கூப்பிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1803-ல் டிகேட்டர் என்டர்பிரைஸ் கப்பலை நடத்தியது லெப்டினன்டாகத்தான். சந்தேகம் வந்தால் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். மிட்ஷிப்மேனுக்கு மாதம் 19 டாலர், லெப்டினன்டுக்கு 40. மரியாதைக்குச் சொன்ன பெயருக்குக் கணக்கர் பணம் தரமாட்டார்.

ஒரே பெயரில் மூன்று பேர்

டிகேட்டர் குடும்பத்தில் கடற்படைக்காரர்கள் மூவர். அப்பாவும் ஸ்டீபன் டிகேட்டர், அவரும் கேப்டன். டெலவேர் கப்பலில் 1798 ஜூலையில் நியூ ஜெர்சிக்கு அப்பால் லா குருவாயாப்ள் என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தவர் அவர்தான். 1801 மார்ச் 3-ல் வந்த அமைதிக்கால ஆட்குறைப்புச் சட்டம் 9 கேப்டன்கள், 36 லெப்டினன்டுகள், 150 மிட்ஷிப்மேன்கள் போதும் என்றது. மகன் அந்த 36 பேரில் ஒருவராகத் தங்கினார், அப்பா வெளியேறினார். தம்பி ஜேம்ஸ் டிகேட்டர் லெப்டினன்ட். அதே 1804 ஆகஸ்ட் 3 சண்டையில், 2-ஆம் எண் பீரங்கிப் படகில் கொல்லப்பட்டார். அண்ணன் இருந்தது 4-ஆம் எண் படகில்.

ஆகவே முதற்பெயர் இல்லாத ஒவ்வொரு "டிகேட்டர்" குறிப்புக்கும் ஆண்டையும் கப்பலையும் வைத்து ஆளை முடிவு செய்யுங்கள். 1798 முதல் 1801 வரை "கேப்டன் டிகேட்டர்" என்றால் அப்பா. 1804 ஆகஸ்டுக்கு முன் மத்தியதரைக் கடலில் "லெப்டினன்ட் டிகேட்டர்" என்றால் இரண்டு பேரில் ஒருவர், படகு எண்ணோ கப்பல் பெயரோ இல்லாமல் முடிவு செய்ய முடியாது. அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி வளாகத்தில் உள்ள திரிப்போலி நினைவுச்சின்னத்தில் இருக்கும் டிகேட்டரும் தம்பிதான். அந்தப் போரில் மாண்ட ஆறு அதிகாரிகளுக்காக இத்தாலியில் செதுக்கி, முதலில் வாஷிங்டனில் நிறுத்தி, 1860-ல் அனாபொலிஸுக்குக் கொண்டுபோன சின்னம் அது. அதன் படத்தைப் போட்டு ஸ்டீபனின் நினைவுச்சின்னம் என்று அடிக்குறிப்பு எழுதுவது இன்றும் நடக்கிற பிழை.

லாக் புத்தகத்தைப் படிப்பது

கப்பலின் லாக் புத்தகம், அதாவது மணிவாரியாக எழுதிய தினசரிப் பதிவேடு, அமெரிக்க தேசியக் காப்பகத்தின் 24-ஆம் பதிவுத் தொகுதியில் இருக்கும், 45-ஆம் தொகுதியிலும் சில கிடைக்கும். எல்லாக் கப்பலுக்கும் எல்லா ஆண்டுக்கும் இருக்காது. கிடைத்த பக்கத்தைத் திறந்ததும் நிகழ்ச்சிக்குப் பாயாமல் முதலில் நாள் எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

கடல் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் கரை நாளைவிடப் பன்னிரண்டு மணி முன்னால். கரையில் பிப்ரவரி 16 நண்பகல் ஆனதும் கப்பல் லாக்கில் பிப்ரவரி 17 பிறந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படை 1805-ல் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. அமெரிக்கக் கடற்படை 1848 வரை விடவில்லை. பிலடெல்பியா எரிந்தது இரவில். எனவே கடல் நாளில் எழுதிய லாக்கில் அது 17-ஆம் தேதியின் கீழ் வரும், கடிதங்களில் 16. இரண்டையும் பார்த்துவிட்டு "தேதி குறித்து ஆவணங்களில் முரண்பாடு உள்ளது" என்று எழுதிவிடாதீர்கள். முரண்பாடே இல்லை.

எந்த நாள் முறை என்று கண்டுபிடிக்க எளிய வழி: தேதிக்குக் கீழே முதலில் பிற்பகல் பதிவுகள் வந்து, நண்பகல் அட்சரேகைக் கணக்கோடு பக்கம் முடிந்தால் அது கடல் நாள். பிற்பகல் பதிவுகளுக்கு மட்டும் ஒரு நாளைக் கழியுங்கள், முற்பகல் பதிவுகளைத் தொடாதீர்கள். பிரிட்டனின் மாசிடோனியன் ஃபிரிகேட்டை டிகேட்டர் பிடித்த 1812 அக்டோபர் 25 சண்டை காலையில் தொடங்கியது, அதனால் அங்கே தேதி தானாகவே ஒத்துப்போகும். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும்போது சிலர் கரை நாளுக்கு மாறிக்கொள்வார்கள். ஆகவே சோதனையைப் புத்தகத்துக்கு ஒரு தடவை என்று வைக்காமல், கப்பல் துறைமுகம் புகும்போதும் கிளம்பும்போதும் செய்யுங்கள்.

பத்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மணி, வேகம் (‘நாட்’ என்ற கடல் அளவிலும் அதன் பகுதியான ‘பாத்தம்’ அளவிலும்), திசை, காற்று, குறிப்பு. கப்பலின் இடம் அட்சரேகையில் நம்பத்தக்கது, வானம் தெளிவாக இருந்த நாளில். தீர்க்கரேகை பல கப்பல்களில் வேகத்தையும் திசையையும் கூட்டிப்போட்ட மதிப்பீடு. நீண்ட பயணத்தில் பிழை சேர்ந்துகொண்டே போகும், கரை தென்பட்டதும் திருத்துவார்கள். சண்டை நடந்த இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குத்தாமல் ஒரு வட்டாரமாகக் காட்டுவது அதனால்தான். மிட்ஷிப்மேன்கள் வைத்திருந்த குறிப்பேடுகளைத் தனிச் சாட்சியாக எண்ணவும் கூடாது. கப்பல் லாக்கைப் பார்த்துப் படியெடுப்பது அவர்களின் பயிற்சியில் ஒரு பகுதி. நான்கு குறிப்பேடுகள் ஒரே தவற்றைச் சொன்னால் சாட்சி நான்கல்ல, ஒன்று.

மஸ்டர் ரோல் சொல்வது

சண்டையில் இருந்தவர் யார் என்ற கேள்விக்கு மஸ்டர் ரோல் எனப்படும் கப்பலின் ஆள்பட்டியல்தான் முதல் இடம். ஆனால் அது சொல்வது யார் எந்தக் கப்பலின் கணக்கில் இருந்தார் என்பதை மட்டுமே. இன்ட்ரெபிட்டில் போனவர்களில் பெரும்பாலோர் என்டர்பிரைஸின் ஆட்கள். இன்ட்ரெபிட்டுக்கென்று முழுப் பட்டியல் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். போனவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதற்கும் இதுவே காரணம்.

மஸ்டர் ரோலோடு மருத்துவரின் காயப் பட்டியலையும் சேர்த்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் ரூபன் ஜேம்ஸ். ஆகஸ்ட் 3 சண்டையில், டிகேட்டர் கீழே கிடந்து ஒருவனோடு மல்லுக்கட்டும்போது இன்னொருவன் அவர் தலையில் வாளை ஓங்க, ஒரு மாலுமி தன் தலையைக் குறுக்கே கொடுத்துக் காப்பாற்றினார் என்பது கதை. பல தலைமுறைப் பள்ளிப் புத்தகங்களில் அந்த மாலுமியின் பெயர் ரூபன் ஜேம்ஸ். மூன்று போர்க்கப்பல்களுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். முதலாவது 1941 அக்டோபர் 31-ல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கியது. ஆனால் சண்டை நாளின் காயப்பட்டோர் பட்டியலில் தலையில் வெட்டுக்காயங்களோடு இருப்பவர் டேனியல் ஃபிரேசியர். ரூபன் ஜேம்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தலையில் வாள்வெட்டு வாங்கிய ஆள் மருத்துவர் கண்ணில் படாமல் போயிருப்பார் என்று வாதாடுவது கடினம்.

இதைக் கட்டுரையில் எப்படி வைப்பது? கதையைத் தூக்கி எறிய வேண்டாம், அது கப்பல்களின் பெயராகி வரலாற்றில் நுழைந்துவிட்டது. சண்டையை விவரிக்கும் பத்தியில் ஃபிரேசியரை எழுதுங்கள். ரூபன் ஜேம்ஸ் புகழ் வளர்ந்த விதத்தைப் பின்னால், மரபைப் பேசும் இடத்தில் வையுங்கள். ஒரே பத்தியில் இரண்டையும் திணித்து "சிலர் இவ்வாறும் கூறுவர்" என்று முடிப்பது வாசகரிடம் வேலையைத் தள்ளிவிடுவதுதான்.

கடிதங்கள்

கடற்படைச் செயலாளருக்கு வந்த கடிதங்கள் அனுப்பியவரின் பதவிவாரியாகப் பிரித்துக் கட்டப்பட்டவை. கேப்டன்களின் கடிதங்கள் எம்-125, 1805-லிருந்து தொடங்கும். கமாண்டருக்கு (மாஸ்டர் கமாண்டன்டின் பிற்காலப் பெயர்) கீழுள்ள அதிகாரிகளின் கடிதங்கள் எம்-148, 1802-லிருந்து. செயலாளர் அதிகாரிகளுக்கு எழுதியவை எம்-149, 1798-லிருந்து. ஆகவே பதவித் தேதிகளைச் சரியாகப் பிடிக்காமல் இங்கே வந்தால் தவறான சுருளைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வந்த கடிதத்தையும் போன கடிதத்தையும் ஜோடி சேர்த்துப் படியுங்கள். மத்தியதரைக் கடலிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போக வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். செயலாளரின் கட்டளையும் அதிகாரியின் செயலும் ஒரே வாரத் தேதியில் இருந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அது இன்னும் நடுக்கடலில் இருந்திருக்கும். மடித்த கடிதத்தின் வெளிப்பக்கத்தில் எழுத்தர் குறித்த பெறுதேதியை விட்டுவிடாதீர்கள். அச்சிட்ட தொகுப்புகளில் அது பல சமயம் இருக்காது.

1798-க்கு முன் போகிறீர்கள் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கடற்படை விவகாரம் போர்த்துறையின் கையில் இருந்தது, அந்தத் துறையின் அலுவலகம் 1800 நவம்பர் 8-ல் எரிந்துபோனது. அச்சில் வந்த தொகுதிகள் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும். பிரான்ஸோடு முறையாக அறிவிக்காமல் நடந்த அரைப்போருக்கு ஏழு தொகுதிகளும், திரிப்போலி போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளோடு நடந்த பார்பரிப் போர்களுக்கு ஆறு தொகுதிகளும் அமெரிக்க அரசே வெளியிட்டவை. தொடங்குகிறவர் மூல நுண்படத்துக்கு முன் இவற்றைப் படிப்பது நல்லது. கையெழுத்துக்குக் கண் பழகும்வரை தேதியும் பெயரும் கைகொடுக்கும்.

சண்டையை இரு தரப்பிலும் தேடுங்கள்

ஒரு தரப்பின் அறிக்கையை மட்டும் வைத்துக் கடற்போரை எழுதுவது பாதி வேலை. 1812 அக்டோபர் 25 அன்று டிகேட்டரின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபிரிகேட், பிரிட்டனின் மாசிடோனியனைப் பிடித்தது. மாசிடோனியனில் செத்தவரும் காயப்பட்டவருமாக 104 பேர், யுனைடெட் ஸ்டேட்ஸில் 12. பிரிட்டிஷ் கேப்டன் ஜான் கார்டனின் அறிக்கையும், கப்பலை இழந்ததற்காக அவர்மேல் நடந்த கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்ற விசாரணையும் பிரிட்டிஷ் அட்மிரால்டி (கடற்படைத் தலைமை) ஆவணங்களில் உள்ளன. லண்டனின் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் கேப்டன்களின் லாக்குகள் ஏடிஎம் 51, மாஸ்டர்களின் லாக்குகள் ஏடிஎம் 52, வந்த கடிதங்கள் ஏடிஎம் 1.

பலத்தை ஒப்பிடும்போது "44 பீரங்கிக் கப்பல்", "38 பீரங்கிக் கப்பல்" என்பவற்றை எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். அவை தரவரிசை எண்கள். இரண்டு கப்பலும் அதற்கு மேல் தாங்கியிருந்தன. சண்டையைத் தீர்மானித்தது எண்ணிக்கையைவிடக் குண்டின் எடை: ஒரு பக்கம் 24 பவுண்டு நீள்பீரங்கிகள், மறுபக்கம் 18 பவுண்டு. டிகேட்டர் தூரத்தில் நின்றே அடித்ததன் பொருள் இந்த எண்களில்தான் இருக்கிறது.

தோல்வியில் இரு தரப்பு ஆவணம் இன்னும் அவசியம். 1815 ஜனவரி 14-ல் பிரெசிடெண்ட் ஃபிரிகேட்டில் நியூயார்க்கிலிருந்து வெளியேற முயன்றபோது கப்பல் மணல்திட்டில் தட்டி அடிபட்டது. மறுநாள் பிரிட்டிஷ் ஃபிரிகேட் எண்டிமியனோடு நீண்ட சண்டை, இரவில் பொமோன், டெனடோஸ் என்ற வேறு இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் நெருங்கியபோது சரணடைந்தார். எண்டிமியனிடம் தோற்றாரா, ஒரு படைக்கூட்டத்திடம் தோற்றாரா என்று இரு நாட்டு எழுத்தாளர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். நீங்கள் வாதத்தில் இறங்க வேண்டாம். டிகேட்டர் கைதியாக எண்டிமியனில் இருந்தபடி ஜனவரி 18-ல் எழுதிய அறிக்கை, பிரிட்டிஷ் லாக்குகள், அவரைக் குற்றமற்றவர் என்று சொன்ன அமெரிக்க விசாரணைக் குழுவின் பதிவு ஆகிய மூன்றையும் நேரப்படி ஒரே அட்டவணையில் அடுக்குங்கள். விசாரணைக் குழு, கோர்ட் மார்ஷல் பதிவுகள் எம்-273-ல் உள்ளன. மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன என்பதைக் கட்டுரையின் உடம்பாக எழுதிவிட்டு, பிரியும் இடத்தில் யார் எப்போது எழுதியது என்று மட்டும் சொல்லுங்கள்.

பணத்தைப் பின்தொடருங்கள்

பிடித்த கப்பலுக்குக் கிடைக்கும் பரிசுப் பணம் அதிகாரியின் வாழ்க்கையில் பெரிய சங்கதி, சரிபார்க்கவும் எளிது. 1800 ஏப்ரல் 23-ல் வந்த சட்டத்தின்படி, பிடிபட்ட கப்பல் சமபலமோ மிகுபலமோ உடையது என்றால் முழுத்தொகையும் பிடித்தவர்களுக்கு, இல்லையென்றால் பாதி அரசுக்கு. பிடித்தவர்களின் பங்கை இருபதாகப் பிரித்து அதில் மூன்று பங்கு கேப்டனுக்கு, ஏழு பங்கு சாதாரண மாலுமிகளும் மரீன்களும் சேர்ந்த கூட்டத்துக்கு. மாசிடோனியனின் மதிப்பு 2,00,000 டாலர். அதில் இருபதில் மூன்று 30,000. டிகேட்டருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தொகையும் அதுதான், கணக்கு நேராகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. முழுத்தொகை வழங்கப்பட்டது மாசிடோனியனைச் சமபலமுடையது என்று தீர்மானித்ததால். அது பணத்துக்கான தீர்மானம். மேலே பார்த்த குண்டு எடைக்கணக்கை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் படியுங்கள், போர்க்கள ஒப்பீட்டுக்கு ஆதாரமாக இதைக் காட்டாதீர்கள்.

பிலடெல்பியாவை எரித்ததால் விற்பதற்குக் கப்பல் இல்லை. காங்கிரஸ் 1804 நவம்பரில் டிகேட்டருக்கு ஒரு வாளும் உடன்போனவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும் என்று தீர்மானித்தது. பின்னாளில் அவர் மனைவி சூசன், அந்தக் கப்பலுக்கும் பரிசுப் பணம் வேண்டும் என்று பல ஆண்டுகள் மனுப்போட்டார். அந்த மனுக்களில் சம்பவ விவரங்கள் நிறைய வரும். ஆனால் அவை உரிமை கோரி எழுதப்பட்டவை என்பதை வேலைத்தாளின் ஆறாவது பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற வாசகங்கள்

வாசகம் எதையும் அது அச்சில் முதலில் வந்த இடம் தெரியாமல் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். 1816 ஏப்ரலில் நார்ஃபோக்கில் நடந்த விருந்தில் டிகேட்டர் சொன்னது என்று எல்லோரும் சொல்லும் வரி, "சரியோ தவறோ, நம் நாடு". அந்த மாதமே செய்தித்தாளில் வந்த வடிவம் வேறு: அயல்நாடுகளோடு கொள்ளும் உறவில் நம் நாடு எப்போதும் சரியாக இருக்கட்டும், சரியோ தவறோ எப்போதும் வெற்றி பெறட்டும் என்ற கருத்து. பழகிய வடிவம் 1846-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றில்தான் அமைகிறது. 30 ஆண்டு இடைவெளி. முன்னதைப் பாடத்திலும் பின்னதை மரபுப் பகுதியிலும் வைக்கலாம்.

பிலடெல்பியா எரிப்பை பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் "இந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான செயல்" என்று பாராட்டினார் என்பதும் இதே இனம். நெல்சன் கையால் எழுதிய எதிலும் அந்த வரியை யாரும் காட்டியதில்லை. விட்டுவிட்டால் கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

டூயலை எழுதுவது

டிகேட்டரின் உயிரைப் பறித்த டூயலில் எதிராளி ஜேம்ஸ் பாரன் என்ற சக அதிகாரி. கதை 1807 ஜூன் 22-ல் தொடங்குகிறது. பாரனின் செசபீக் கப்பலை லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் சுட்டு நிறுத்தி நான்கு ஆட்களை இழுத்துப்போனது. 1808-ல் பாரனை விசாரித்த கோர்ட் மார்ஷலில் டிகேட்டர் உறுப்பினர். தாம் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி விலக்கு கேட்டும் கிடைக்கவில்லை. பாரனுக்கு ஐந்தாண்டு சம்பளமில்லாத தற்காலிக நீக்கம். பின்னர் பாரன் மீண்டும் பணி கேட்டபோது டிகேட்டர் எதிர்த்தார். 1819 ஜூன் 12-ல் பாரன் எழுதிய கடிதத்தோடு தொடங்கிய போக்குவரத்து, எட்டு அடிவைப்புத் தூரத்தில் நிற்பதில் முடிந்தது. டிகேட்டர் தரப்பில் சாட்சியாகப் பெயின்பிரிட்ஜ், பாரன் தரப்பில் ஜெஸ்ஸி எலியட்.

இந்தக் கடிதங்கள் 1820-லேயே நூலாக வந்துவிட்டன, அதனால் ஆதாரத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் இருவரும் பின்னால் ஊர் படிக்கும் என்று தெரிந்தே எழுதிய கடிதங்கள் அவை. உள்ளத்தைத் தேடி அவற்றில் மூழ்குவதைவிட, 1808 கோர்ட் மார்ஷல் பதிவையும் 1818-க்குப் பிறகு துறையில் பாரனின் பணிக்கோரிக்கை என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பதவிக்காக நடந்த சண்டை மானச் சண்டையாக மாறிய இடம் தெரியும்.

மரபு

இங்கேதான் கட்டுரைகள் பட்டியலாகிச் சரிகின்றன. மூன்றாகப் பிரியுங்கள்: அவர் செய்ததன் விளைவு, அவர் பெயர் தாங்கியவை, அவருடைய பொருள்களும் இடங்களும்.

விளைவில் கனமானது 1815. போர் முடிந்த சில மாதங்களில் ஒரு படைக்கூட்டத்தோடு போய், ஜூன் 17-ல் வட ஆப்பிரிக்க நாடான அல்ஜியர்ஸின் மஷூடா கப்பலைப் பிடித்து, ஜூன் 30-ல் அல்ஜியர்ஸோடு ஒப்பந்தம் முடித்தார். அமெரிக்கா கட்டிவந்த ஆண்டுக் கப்பம் நின்றது. அல்ஜியர்ஸிடம் 10,000, டூனிஸிடம் 46,000, திரிப்போலியிடம் 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். ஒப்பந்தத்தைச் சுமந்து தாயகம் கிளம்பிய எபர்வியர் கப்பல் வழியில் மறைந்துபோனது, ஆகவே அதில் போன தனிக்கடிதங்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 1816 முதல் இறக்கும்வரை ஜான் ராட்ஜர்ஸ், டேவிட் போர்ட்டர் ஆகியோரோடு கடற்படை ஆணையர் குழுவில் இருந்தார். குழுவின் கடிதங்கள் குழுவின் பெயரில் போனவை. ஒரு முடிவை "டிகேட்டரின் சீர்திருத்தம்" என்று எழுத, அவர் தனியாக எழுதிய குறிப்பு ஏதாவது வேண்டும்.

பெயர்களில் எச்சரிக்கை அதிகம் தேவை. ஜார்ஜியா, அலபாமா, இல்லினாய் மாநிலங்களில் உள்ள டிகேட்டர் நகரங்கள் அவர் பெயரால் அமைந்தவை. மற்ற ஊர்களுக்கு அந்தந்த ஊரின் தொடக்க ஆவணத்தைப் பார்க்காமல் சேர்க்க வேண்டாம், பழைய டிகேட்டரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் வைத்த பெயராகவும் இருக்கும். 1878, 1880 வரிசைகளின் 20 டாலர் வெள்ளிச் சான்றிதழ் நோட்டில் அவர் முகம் உண்டு. 1937-ல் வந்த 2 சென்ட் அஞ்சல்தலையில் தாமஸ் மக்டோனாவோடு சேர்ந்து இருக்கிறார்.

வீடு வாஷிங்டனில் லஃபாயெட் சதுக்கத்தில். வரைந்தவர் பெஞ்சமின் லட்ரோப். டிகேட்டர் அங்கே வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்றே அதிகம், ஆகவே பின்னால் வந்த உரிமையாளர்கள் சேர்த்த பகுதிகளையும் பொருள்களையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள். உடலை முதலில் வைத்தது கலோரமாவில் இருந்த ஒரு கல்லறையில், 1846-ல் பிலடெல்பியாவின் செயிண்ட் பீட்டர்ஸ் தேவாலயத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். "அடக்கம் செய்யப்பட்ட இடம்" என்று ஒரே ஒரு ஊரைப் போடுகிற தகவல்பெட்டிகள் இரண்டில் ஒன்றை எப்போதும் இழக்கின்றன.

கடைசியாகக் கப்பல்கள். அமெரிக்கக் கடற்படையில் அவர் பெயர் தாங்கியவை ஐந்து: 1839-ல் கடலில் இறங்கிய பாய்க்கப்பல் ஒன்று, பின்னர் வந்த நான்கு டெஸ்ட்ராயர்கள். 1813 ஆகஸ்ட் 5-ல் பிரிட்டனின் டொமினிகாவைப் பிடித்த டிகேட்டர் இந்தக் கணக்கில் வராது. அது தனியார் பணம் போட்டுப் போருக்கு அனுப்பிய கப்பல், கடற்படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெஸ்ட்ராயர்களில் முதலாவதை 1908-ல் பிலிப்பைன்ஸ் கடலில் தரைதட்ட வைத்து கோர்ட் மார்ஷலில் நின்றவர் செஸ்டர் நிமிட்ஸ், பின்னாளில் பசிபிக் கடற்படையை நடத்தியவர். சுவையான செய்தி, எழுதக் கைபரபரக்கும். அது நிமிட்ஸின் வாழ்க்கைக்கு உரியது, டிகேட்டர் கட்டுரையில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.